திறந்த மூல மென்பொருளும் அதன் உரைநூல்களும்

கணினியை இயக்கும் மென்பொருள்களுள் ஒருசாரனவற்றின் மூலநிரல், யாவரும் எடுத்து வாசிக்கவும், பயன்படுத்தவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் இடந்தரும் உரிமத்தோடு வெளியிடப்படுகின்றது. இவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்பர். இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் லினக்ஸ் இயங்குதளமும், எமது மாணவர் பலர் பயிலும் பைதன் என்னும் கணினி மொழியும் இவ்வகையினவே. விலையின்றிக் கிடைத்தலே இவற்றின் சிறப்பெனப் பலர் கருதுவர். அதனினும் பெரிய சிறப்பு, விரும்பும் எவரும் அவற்றை ஆக்குவோர் கூட்டத்திற் சென்று சேரலாம் என்பதாம். கதவு திறந்தே கிடக்கின்றது. ஆயினும், வாயிலிற் படிக்கட்டு இல்லாத வீட்டினுள் நுழைதல் எளிதன்று. அப்படிக்கட்டாக அமைவன மென்பொருளோடு வழங்கும் விளக்க ஆவணங்கள். நூலுக்கு உரை எவ்வாறோ மென்பொருளுக்கு அவை அவ்வாறாதலின், அவற்றை இக்கட்டுரையில் உரைநூல் என்றே வழங்குவோம்.

சில காலத்துக்கு முன் யாம் நேரிற் கண்ட ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் திறந்த மூல மென்பொருள் ஒன்றைத் தன் கணினியில் நிறுவ முயன்றான். உரைநூலின் முதற் பக்கத்தில் மூன்று கட்டளைகள் இருந்தன. அவற்றை அவ்வாறே தட்டச்சுச் செய்தால் மென்பொருள் இயங்கும் என்று கூறப்பட்டிருந்தது. முதலாவது கட்டளை இயங்கிற்று. இரண்டாவதற்கு, அப்படியொரு கட்டளையே இல்லையெனக் கணினி விடை பகர்ந்தது. இரண்டு மாலைப்பொழுதுகள் அவன் அதனோடு போராடினான். எழுத்துப் பிழையோ என்று மும்முறை ஒப்பு நோக்கினான்; மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் இறக்கினான்; ஈற்றில், தனக்கு இத்துறை ஒவ்வாதென முடிவு செய்துவிட்டான். மூன்றாம் நாள் அங்கு வந்த பழைய மாணவர் ஒருவர், கொழும்பில் மென்பொருட் பொறியியலாளராக இருப்பவர், நோக்கிய அளவிலே காரணத்தைக் கூறினார். உரைநூலில் இருந்தது லினக்ஸுக்குரிய கட்டளை; பையனிடம் இருந்ததோ விண்டோஸ். “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, தம்பி” என்றார் அவர். “எனக்குத் தெரியாதே, அண்ணை” என்றான் அவன். இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தூரமே யாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

இக்குறை ஒருவரது சோம்பலால் மாத்திரம் விளைந்ததன்று. திறந்த மூல மென்பொருளுக்கு உழைப்போருட் பலர் தம் ஓய்வு நேரத்தை ஈயும் தொண்டர். புதியதோர் ஆற்றலை மென்பொருளிற் சேர்த்தவனைச் சகபாடிகள் பாராட்டுவர். குழம்பிக் கிடந்த பத்தியொன்றைத் தெளிவுறத் திருத்தியவனைப் பெரும்பாலும் எவரும் கவனிப்பதில்லை. 2017ஆம் ஆண்டிற் கிட்ஹப் நிறுவனம் இத்துறையினரிடையே நடத்திய ஆய்வில், விடையளித்தோருள் நூற்றுக்கு 93 பேர், உரைநூல்கள் முற்றுப்பெறாதும் காலத்தோடு ஒவ்வாதும் கிடத்தலைக் குறையாக எடுத்துக் காட்டினர். அதே ஆய்வில், பங்களிப்போருள் நூற்றுக்கு 60 பேர் தாம் உரைநூலுக்கு எழுதுவது அரிது, அன்றேல் இல்லை என்று ஒப்புக்கொண்டனர். நோயை யாவரும் அறிவர். மருந்து அரைப்பார்தாம் சிலர்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுளது. ஒன்றை நன்கறிந்தவன், அதனை அறியாதிருந்த காலத்திலே தன் மனம் எவ்வாறிருந்தது என்பதை மறந்துவிடுகின்றான். துவிச்சக்கரவண்டி ஓடுபவன் தான் விழாதிருப்பது எங்ஙனம் என்பதைப் பிறனுக்குச் சொல்ல மாட்டாது திகைப்பதைக் கண்டிருக்கின்றோம். எம் பழைய மாணவர் கூறிய “எல்லாருக்கும்” என்ற சொல்லிற் செருக்கு ஏதும் இல்லை. அவர் தம்மைப் போன்றாரோடு நெடுங்காலம் பழகியமையால் அச்சொல் அவர்க்கு உண்மையாகவே தோன்றிற்று.

இத்துறையின் உரைநூல் மரபு பழையது. அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் ஆக்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தின் கையேடு, அதன் முதற் பதிப்பாக, 1971 நவம்பர் 3ஆந் திகதியிட்டு வெளிவந்தது. யுனிக்ஸ் அக்காலத்தில் இன்று நாம் கூறும் பொருளில் திறந்த மூல மென்பொருளன்று. எனினும், பின்வந்த லினக்ஸ் முதலியன அக்கையேட்டின் அமைப்பையே வழிவழியாகப் பின்பற்றின. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே ஒழுங்கான தலைப்புக்கள்: பெயர், வழங்கும் வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புக்கள், ஒப்புநோக்கத் தக்க பிற பகுதிகள், வழுக்கள், பொறுப்பாளர். இவற்றுள் எம் மனத்தைக் கவர்வது வழுக்கள் என்னும் தலைப்பே. தாம் ஆக்கிய பொருளில் இன்ன குறை உண்டு என்று ஆக்கியோரே அச்சிற் பொறித்து வைத்தனர். விளம்பரங்களில் மூழ்கிய இக்காலத்து நிறுவனங்கள் பலவற்றுக்கு இந்நேர்மை புரியாது. வாசகன் ஒருவன் தன் செய்நிரல் இயங்காதபோது, தவறு தன்னுடையதோ பொருளினுடையதோ என்று அறிதற்கு இத்தலைப்பு ஒன்றே போதியதாயிருந்தது.

ஆயினும், அக்கையேடு கட்டளையின் பெயரை முன்னரே அறிந்தவனுக்கே பயன்படும். கோப்பொன்றைப் பிரதி செய்ய வேண்டும் என்னும் எண்ணம் மாத்திரம் உடையவன், அக்கட்டளையின் பெயர் யாதென அறியாது எப்பக்கத்தைத் திறப்பான்? அகராதி எவ்வளவு சிறந்ததாயினும் அதனைக் கொண்டு குழந்தைக்கு மொழி கற்பித்தல் ஆகாது. அகராதியை எழுதிவிட்டு உரைநூல் முற்றிற்றென எண்ணுதலே இன்றும் பல மென்பொருட் குழுவினர் செய்யும் பிழை.

டானியேலே புரோச்சிடா என்பவர், உரைநூல்கள் நால்வகையென்றும், அவற்றின் நோக்கம் வெவ்வேறாதலால் ஒன்றை ஒன்றோடு கலத்தலாகாதென்றும் வகுத்துக் காட்டியுள்ளார். டயாடக்சிஸ் என்னும் பெயரால் வழங்கும் அம்முறையை எமது வழக்கிலிருந்து உவமை கொண்டு விளக்குவோம். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரத்தை எழுதுவிக்கின்றார். அவ்வெழுத்தின் வரலாற்றையோ பிறப்பிடத்தையோ அவர் அப்பொழுது கூறுவதில்லை. குழந்தை கேட்பதும் இல்லை. எழுதிற்று என்னும் மகிழ்ச்சி ஒன்றே அங்கு வேண்டுவது. இது பயிற்சிப் பாடம். எழுதப் படிக்க வல்ல ஒருவர் அரசாங்க அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப விரும்பின், அவர்க்கு வேண்டுவது விண்ணப்பம் எழுதும் முறை. அது செய்முறை வழிகாட்டி. சொல்லொன்றின் பொருளில் ஐயுற்றவன் புரட்டுவது அகராதி, அஃது உசாத்துணை. இவ்விதி ஏன் இவ்வாறாயிற்று என ஓய்ந்திருந்து ஆராய்வான் நாடுவது இலக்கண உரை, அது விளக்கம்.

இவ்வேறுபாட்டை நம்மவருள் நன்குணர்ந்து செயற்பட்டவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். சிறுவர்க்குப் பாலபாடங்களையும், இலக்கணம் தொடங்குவார்க்கு இலக்கணச் சுருக்கத்தையும், நன்னூலை முறையாகக் கற்பார்க்குக் காண்டிகையுரையையும் அவர் வேறுவேறாகவே எழுதினார். காண்டிகையுரை எழுத வல்ல கை, பாலபாடம் எழுதுதற்குத் தாழவில்லை, தாழவேண்டியதும் இல்லை. உண்மையில், பின்னதே கடினமென்பது எம் கருத்து. அறிந்ததெல்லாவற்றையும் எழுதுதல் எளிது. எதனை இப்பொழுது சொல்லாது விடுதல் வேண்டும் என்று தெரிதலே அரிது. பயிற்சிப் பாடம் எழுதுவோர் பலர் வழுக்குவதும் இவ்விடத்திலேதான். மாணவன் முதலடி வைக்குமுன், “இதனை வேறு மூன்று வகையாகவும் செய்யலாம்” எனத் தொடங்கி ஒரு பக்கம் எழுதிவிடுவர். மாணவன் அம்மூன்றையும் ஒப்பிட்டுத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் தனக்கு இல்லையே என்று கலங்கி நின்றுவிடுவான்.

நன்கமைந்த உரைநூலுக்கு எடுத்துக்காட்டாக ஜாங்கோ என்னும் மென்பொருளினதைக் கூறலாம். இணையத்தளங்களை அமைக்க உதவும் இது, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரிலே ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உருவாகி, 2005 யூலையில் யாவர்க்கும் வெளியிடப்பட்டது. இதன் பயிற்சிப் பாடம், சிறியதொரு வாக்கெடுப்புத் தளத்தைப் பகுதி பகுதியாகக் கட்டுவிக்கின்றது. தொடக்கத்திலேயே, வாசகன் தன்னிடமுள்ள மென்பொருள் எத்தனையாம் பதிப்பு என்பதை அறியும் வழியைக் கூறி, அது வேறாயின் அப்பதிப்புக்குரிய பாடத்துக்குச் செல்லுமாறு பணிக்கின்றது. முதற் பகுதி முடியுமுன் திரையில் ஒரு வாக்கியம் தோன்றிவிடும். சிறிய வெற்றிதான், ஆயினும், தான் செய்தது நடந்தது என்பதைக் கண்ணாற் கண்டவன் அடுத்த பகுதியைப் புரட்டுவான். லினக்ஸுக்குரிய கட்டளையும் விண்டோஸுக்குரிய கட்டளையும் அங்கே அருகருகே தரப்பட்டிருத்தலைக் கண்டபோது, எமக்கு அந்தப் பத்தாம் வகுப்பு மாணவனின் நினைவு வந்தது.

பயன்படுத்துவோர்க்கன்றி, அம்மென்பொருளையே ஆக்குவதிற் பங்குகொள்ள விரும்பும் புதியோர்க்கும் ஜாங்கோவிலே தனியொரு பாடம் உண்டு. அப்பாடம், ‘வாட்டிய பாண்’ என்னும் பொருளுடைய சொல்லொன்றை மாத்திரம் விடையாகத் தரும் பயனற்ற சார்பொன்றை மூலநிரலிற் சேர்க்கும்படி கூறுகின்றது. நகைப்புக்கிடமானதாயினும் இதில் நுட்பம் உண்டு. பொருள் அற்பமானதாகையால், மாணவன் மனம் முழுவதும் முறையிலே செல்லும்: மூலநிரலை இறக்குவது எப்படி, சோதனை எழுதுவது எப்படி, திருத்தத்தோடு உரைநூலையும் திருத்துவது எப்படி என்பன அவ்வழியே பழக்கத்துக்கு வருகின்றன. உரைநூல் எழுதுதல் பின்னர் வேறொருவர் செய்யும் பணி என்றில்லாமல், முதல் நாளிலேயே வேலையின் ஒரு கூறாகக் கற்பிக்கப்படுகின்றது.

நம் இலக்கண நூலார் கூறிய நூற் குற்றங்களுள் மாறுகொளக் கூறல் என்பதும் ஒன்று. முன்னொன்றும் பின்னொன்றுமாக முரணிக் கூறுதல் அது. மென்பொருள் உரைநூல்களுக்கு இக்குற்றம் வருதல் வியப்புக்குரிய வகையில் நேர்கின்றது: எழுதியபோது உண்மையாயிருந்த வாக்கியம், ஒருவரும் தொடாமலே, பொய்யாகிவிடும். மென்பொருள் மாறிற்று, உரை மாறவில்லை. உரைநூலே இல்லாதபோது மாணவன் பிறரை வினாவுவான். பொய்யுரைக்கும் உரைநூல் இருப்பின், தன்னையே ஐயுறுவான். ஆதலின் பழைய உரை, இல்லாத உரையினும் தீது.

இதற்குப் பரிகாரமாக இரண்டு வழக்கங்கள் பயன் தந்துள்ளன. உரைநூலை மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் வைத்து, ஒன்றை மாற்றுபவர் மற்றையதையும் உடன் மாற்றினாலன்றித் திருத்தத்தை ஏற்பதில்லை என்று விதித்தல் ஒன்று. உரையிலுள்ள எடுத்துக்காட்டுக்களைக் கணினியைக் கொண்டே சோதித்தல் மற்றொன்று. பைதன் மொழியோடு 2001ஆம் ஆண்டு முதல் வழங்கும் ஒரு கருவி, உரையிலே எழுதிய சிறு எடுத்துக்காட்டுக்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, கூறப்பட்ட விடையும் வந்த விடையும் ஒவ்வாதாயின் உடனே அறிவிக்கும். றஸ்ட் என்னும் மொழியிலும் உரையிலுள்ள எடுத்துக்காட்டுக்கள் சோதனைகளாகவே இயக்கப்படுகின்றன. வாக்கியம் தெளிவாயுள்ளதா என்பதைக் கணினி சொல்லமாட்டாது. பொய்யா என்பதை ஓரளவுக்குச் சொல்லும்.

ஆக்குவோர்க்கு வேண்டும் உரை சற்று வேறானது. மூலநிரலை வாசிக்கத் தெரிந்தவர்க்கு அது யாது செய்கின்றதென்பது விளங்கும். வேறு வழிகளை விடுத்து இவ்வழியை ஏன் மேற்கொண்டனர் என்பது அதனைப் பார்த்தால் விளங்காது. அதனை அறிந்த ஒருவர் விலகிச் சென்றால், பின்வருவோர் பழைய விவாதங்களையெல்லாம் மீண்டும் நடத்த நேரும். பைதன் குழுவினர் 2000ஆம் ஆண்டு தொடக்கம் முன்மொழிவுகளை இலக்கமிட்டுப் பேணி வருகின்றனர். ஏற்கப்பட்டவற்றோடு தள்ளப்பட்டவையும் காரணத்தோடு அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன. தள்ளப்பட்டவற்றையும் பேணுதல் வீண் என்பாருளர். எமக்கு அவையே மிக்க பயன் தந்தன.

இனி அந்த மாணவனிடம் மீள்வோம். பழைய மாணவர் சென்ற பின், அவன் இடறிய இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டோம். அவன் ஐந்து எழுதினான். கட்டளையை எந்தத் திரையில் எழுதுவது என்று கூறப்படவில்லை. அடைவு என்ற சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. நிறுவி முடிந்ததற்கு அடையாளம் யாதெனக் காட்டப்படவில்லை. இப்படி மேலும் இரண்டு. அத்தாளை யாம் தொலைத்துவிட்டோம். ஒரு வாரத்தின் பின் மீண்டும் எழுதித் தரக் கேட்டபோது, இரண்டுக்கு மேல் அவனுக்கு நினைவு வரவில்லை. அடைவைப் பற்றி யாமே எடுத்துக் கூறினோம். “அது தெரிஞ்சதுதானே, சேர்” என்றான்!

ஏழு நாட்களில் அவனும் “எல்லாருக்கும்” என்ற கூட்டத்தவன் ஆகிவிட்டான். புதிதாக வந்தவனது அறியாமை, உரைநூலைத் திருத்துவோர்க்குப் பெறற்கரிய சாட்சியம். ஆனால் அது பழம்போல் விரைவில் அழியும் பொருள். பெரும்பாலான குழுக்கள் புதியவனைச் சில மாதம் பழகவிட்டுப் பின்னரே உரைநூற் பணியை அவனிடம் ஒப்படைக்கின்றன. அப்பொழுது அவனிடம் சாட்சியம் இல்லை. வந்த முதல் நாளிலேயே, அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இடறிய இடந்தோறும் குறிக்கச் சொல்லுதலே முறை. அனுபவம் மிக்கவர் அருகிலிருந்து, வாய் திறவாமல், அவன் வாசித்துச் செய்வதைக் கவனித்தல் அதனினும் நன்று. வாய் திறவாமலிருத்தல் எத்துணைக் கடினமென்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்.

வழுச் செய்திகளையும் இங்கு நினைத்தல் தகும். புதியவன் உரைநூலை வாசிக்கத் தொடங்குமுன் பன்முறை வாசிப்பது அவற்றையே. பிழை என்று மாத்திரம் கூறும் செய்தியும், எவ்வரியில் யாது பிழை, எவ்வாறு திருத்தலாம் என்று கூறும் செய்தியும் ஒன்றாகா. றஸ்ட் மொழியின் வழுச் செய்திகள் பின்னதற்கு நல்ல உதாரணம்.

பிழை காட்டுவாரை மதித்தலிற் டொனால்ட் க்னூத் என்னும் பேராசிரியர் செய்ததை இத்துறையில் அறியாதார் சிலரே. தம் நூல்களில் ஒரு பிழையை முதலிற் கண்டு அறிவிப்பார்க்கு அவர் 2.56 டொலர் காசோலை அனுப்பிவந்தார். 256 சதம், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையிலே ஒரு டொலராம். பெற்றோருட் பலர் அதனை வங்கிக்குக் கொண்டு செல்லாது சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். 2008ஆம் ஆண்டு முதல், கற்பனை வங்கியொன்றின் சான்றிதழாக அது வழங்கப்படுகின்றது. எம் மாணவனுக்குக் காசோலை ஏதும் கிடைக்கவில்லை. விண்டோஸுக்குரிய கட்டளையைச் சேர்த்து அவன் அனுப்பிய ஒரே வாக்கியத்தை, சொல்லொன்றை மாற்றுமாறு கேட்டு, பின் அக்குழுவினர் ஏற்றுக்கொண்டனர். பங்களித்தோர் பட்டியலில் அவன் பெயர் ஏறிற்று. தனக்கு ஒவ்வாதென்று விட்டுவந்த துறைக்கு அவன் திரும்பிச் சென்றது அதன் பின்னரே.

எம் நாட்டுக்கு இத்துறையிற் சொல்லத்தக்க பெயர் உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின், இலங்கையின் மென்பொருளாளர் தொண்டர்களாகக் கூடி ஆக்கிய ‘சஹான’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், 2005இற் பாகிஸ்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்திலும், 2006இற் பிலிப்பைன்ஸில் நேர்ந்த மண்சரிவிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் நிறுவகத்தின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலப் பரிசையும் பெற்றது. காணாமற் போனோரைப் பதியவும், முகாம்களைக் கணக்கிடவும் அனர்த்த வேளையில் அமருவோர் அன்றுதான் அம்மென்பொருளை முதன்முதற் காண்பவராக இருக்கலாம். உரை தெளிவற்றதாயின், அங்கே இழப்பது மாலைப்பொழுதன்று. கூகிள் நிறுவனம் 2005இற் தொடங்கிய கோடைகால மென்பொருட் திட்டத்தின் முதற் பத்தாண்டில், உலகப் பல்கலைக்கழகங்களுள் மிகுந்த மாணவரைச் சேர்ப்பித்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. ஆண்டுதோறும் மூத்த மாணவர் இளையவர்க்குக் கைகொடுத்தமை அதற்கொரு காரணமென எண்ணுகின்றோம். அத்தகைய மூத்தோர் அருகில் இல்லாத கிளிநொச்சி மாணவனுக்கும், முல்லைத்தீவு மாணவிக்கும் உரைநூல் ஒன்றே அண்ணனும் ஆசிரியனும்.

அவ்வுரைநூல் தமிழில் இருத்தல் வேண்டுமா என்னும் வினா இங்கே எழும். வேண்டும் என்றே சொல்வோம். ஆனால், எல்லாவற்றையும் ஒருங்கே மொழிபெயர்க்கப் புகுவோர் பாதியிற் களைத்துப் போதலைக் கண்டிருக்கின்றோம். மூலம் மாறுந்தோறும் மொழிபெயர்ப்புப் பழையதாகிவிடுதலும் பெருந்தொல்லை. இதன்பொருட்டே, உரையை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து வைத்து, மூலத்தில் மாறிய வாக்கியத்தை மாத்திரம் ஐயத்துக்குரியதென அடையாளமிட்டுக் காட்டும் கருவிகள் உள. பைதன் உரைநூலின் மொழிபெயர்ப்புக்களுக்கு 2017இல் வகுத்த முறையும் இவ்வழியதே. சொல்லாக்கத்தில் முதலில் உடன்பாடு வேண்டும். நாம் செய்நிரல் என்பதைத் தமிழ்நாட்டார் நிரல் என்பர். நாம் வழு என்பது அவர்க்குப் பிழை. ஒரே பாடத்தில் இரண்டும் கலந்து வரின், மாணவன் அவற்றை இரு வேறு பொருளென மயங்குவான். ஆகவே, ஐம்பது அறுபது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்து, எதனைத் தெரிந்தாலும் ஈறுவரை அதனையே வழங்குதல் முதற் பணி. அடுத்தது பயிற்சிப் பாடம் ஒன்று; அதன் முதற் பகுதி மாத்திரம். உசாத்துணையை இறுதிக்கு விட்டுவிடலாம். அதனைப் புரட்டும் நிலைக்கு வந்தவன் அதற்குள் வேண்டிய அளவு ஆங்கிலத்தையும் கற்றிருப்பான்.